அந்தப் பெயரை வைத்தது யார்?

போன மாதம் ரந்தாவ் பக்கம் இருக்கும் எங்கள் பழைய தோட்டத்துக்குத் திருவிழாவுக்காகப் போயிருந்தேன். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டிய தோட்டம் அது. இன்று அங்கே ஒரு பால்மரம்கூட இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனைதான். தமிழ்க் குடும்பங்கள் என்று பார்த்தால் எண்ணி ஏழெட்டு. ஆனாலும் மாரியம்மன் திருவிழா என்றால் சிரம்பான், நீலாய், கிள்ளான் என்று சிதறிப்போன நாங்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒரு நாள் அங்கே கூடிவிடுகிறோம். உறுமி மேளம் தொடங்கியதும் யாருக்கும் வயது தெரிவதில்லை.

பாட்டி இருந்த லயத்தில் இப்போது வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வாசலில் கைலிகள் காய்கின்றன. பாட்டி வைத்த முருங்கை மரம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு பிடி கீரை ஒடித்துக்கொண்டு வரலாமே என்று அந்தப் பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து அத்தையின் குரல்.

"அந்தப் பக்கம் போகாதம்மா. பங்களாப் பசங்க இருக்கானுங்க. பொம்பளப் பிள்ள தனியா போற எடமில்ல அது."

"ஏன் அத்த, யாராச்சும் வம்பு பண்ணாங்களா?"

"இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா நாமதான ஜாக்கிரதையா இருக்கணும்."

நான் போனேன். மரத்தடியில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். "அக்கா, கீர வேணுமா?" என்று தமிழிலேயே கேட்டார். சிரம்பானில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மூன்று வருடம் வேலை செய்தபோது கற்றுக்கொண்டாராம். கிளையை வளைத்துக் கீரை ஒடித்துக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "நீங்க ரேடியோ அக்காதானே? குரல் தெரியுது. மண்டோர் அண்ணன் லாரியில தினமும் போடுவார்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வாக்கியம் வரும்வரைக்கும்தான்.

"காலையில நீங்க பங்களா மாதிரி பேசுவீங்கல்ல? மண்டோர் அண்ணன் ரொம்பச் சிரிப்பார்."

"நீங்க?"

"நானும் சிரிப்பேன் அக்கா. எல்லாரும் சிரிக்கும்போது சிரிக்கணும்ல."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. கீரையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னது எங்கள் காலை நிகழ்ச்சியில் வந்த ஒரு சின்ன அங்கம். கடையில் வேலை செய்யும் வங்காளதேச இளைஞன் ஒருவன் வாடிக்கையாளர் கேட்பதையெல்லாம் தப்பாகப் புரிந்துகொள்வான். தமிழும் மலாயும் கலந்து, வார்த்தைகளை உருட்டிப் பேசுவான். குரல் என்னுடையது. ஏறக்குறைய இரண்டு வருடம் அதைச் செய்தேன். ஒரு புகார்கூட வந்ததில்லை.

இத்தனைக்கும் இந்த நாட்டில் ஒலிவாங்கிக்கு முன் உட்காருகிற எல்லோருக்கும் முதலில் சொல்லித்தரும் பாடம் '3ஆர்'. இனம், சமயம், அரச பரம்பரை ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்குவதால் வந்த பெயர். அவற்றைத் தொடாதே, தொட்டால் வேலை போகும், வழக்குகூட வரலாம். 1948-ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. மலாய்க்காரரைப் பற்றியோ சீனரைப் பற்றியோ வாய் தவறி ஒரு வார்த்தை வந்துவிடுமோ என்று பயந்து பயந்து பேசுகிறவள் நான். அந்தப் பயம் பங்களா குரலில் பேசும்போது ஒரு நாளும் வந்ததில்லை. காரணம் எளிது. அவர்கள் புகார் செய்ய மாட்டார்கள். அவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, சங்கம் இல்லை, பத்திரிகை இல்லை. என்னுடைய நாகரிகம் எல்லாம் திருப்பி அடிக்கக்கூடியவர்களிடம் மட்டும்தான் இருந்திருக்கிறது.

கீரைப் பையோடு கோயிலுக்குத் திரும்பி நடந்தபோது 2011-ஆம் ஆண்டு ஞாபகத்துக்கு வந்தது. அந்த வருடம் அடி வாங்கிய இடத்தில் நின்றவர்கள் நாம்.

'இந்தர்லோக்' நாவல் விவகாரம் பலருக்கு மறந்திருக்காது. அப்துல்லா ஹுசைன் எழுதியது. தேசிய இலக்கியவாதி என்ற உயரிய விருது பெற்றவர். சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டை ஒட்டி நடந்த எழுத்துப் போட்டிக்காக 1967-இல் எழுதி, 1971-இல் நூலாக வந்தது. மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் மூன்றின் கதை. செமான், சிங் ஹுவாட், மணியம் என்று மூன்று பேரைச் சுற்றிப் போகும். நாற்பது வருடம் அது பாட்டுக்கு நூலகத்தில் இருந்தது. 2011-இல் அதன் சுருக்கப் பதிப்பை ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மலாய் இலக்கியப் பாடமாக வைத்தார்கள். எல்லா மாநிலங்களிலும் இல்லை. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, அப்புறம் நம் நெகிரி செம்பிலான்.

மணியத்தோடு கப்பலில் வந்தவர்கள் எல்லாம் ஒரே சாதி, 'பாரியா' சாதி, அதனால் ஒருவரை ஒருவர் தொட்டுப் பழகுவதில் அவர்களுக்குத் தயக்கம் இல்லை என்ற பொருளில் நாவலில் ஒரு பகுதி வரும். அங்கேதான் தீப்பிடித்தது. 'பாரியா' என்ற சொல் நம்முடைய 'பறையர்' என்ற சொல்லிலிருந்து ஐரோப்பியர் வாய் வழியாக உலகம் சுற்றிய சொல். பறை அடித்தவர்களின் பெயர், சுற்றி வரும்போது 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளை ஏற்றிக்கொண்டது. மலாயில் தெருநாய்க்குப் பெயராகவும் ஒரு வசைச் சொல்லாகவும் தங்கிவிட்டது. அந்தச் சொல் பதினேழு வயதுப் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் பாடப் புத்தகமாக நுழைந்தால் என்ன ஆகும்?

என்ன ஆனது என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். என் சித்தி மகன் அப்போது ஐந்தாம் படிவம். வகுப்பில் நான்கு இந்திய மாணவர்கள். அந்தப் பக்கம் வந்தபோது வகுப்பே திரும்பி அவர்களைப் பார்த்ததாம். அதற்குப் பிறகு சிற்றுண்டிச்சாலையில் வரிசையில் நின்றால், "ஓய், பாரியா" என்று ஒரு குரல். பின்னால் சிரிப்பு. தம்பி இரண்டு வாரம் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகவில்லை. ஆகவே அந்த நூலைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்லிப் போராடியவர்கள் ஏதோ பொழுது போகாமல் போராடவில்லை. வரலாற்றுப்படியும் நாவல் சொன்னது தவறு. பல சாதிகளைச் சேர்ந்தவர்கள் பல மாவட்டங்களிலிருந்து கப்பல் ஏறினார்கள். சீனர்களைப் பற்றி அதில் இருந்த அபின், பெண் பிள்ளை விற்பனைச் சித்திரங்களைச் சீன அமைப்புகளும் எதிர்த்தன. திருத்தம் செய்கிறோம் என்று அரசு குழு அமைத்தது. பேச்சு நீண்டது. கடைசியில் 2011 முடியும் தறுவாயில் நூலைப் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொண்டார்கள். நாம் ஜெயித்தோம்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறை மாணவி. பயிற்சி வகுப்பில் இதுதான் பேச்சு. மலாய் மாணவர் ஒருவர் நியாயமாகவே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படி ஒரு சாதி உங்களிடம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால், நாவலில் எழுதக் கூடாதா?" எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று, நல்ல மலாயில், மேடைக் குரலில் சொன்னேன்: "இந்தியர்கள் எல்லோரும் அந்தச் சாதி கிடையாது. வந்தவர்களில் எத்தனையோ நல்ல குடும்பங்கள் இருந்தன."

எங்கள் பக்கத்து வரிசையில் கைதட்டினார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி தட்டவில்லை. கோலப்பிலா பக்கத்துத் தோட்டப் பெண். பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல வெளியே போனாள். அன்று திரும்பி வரவில்லை. மறுநாள் எப்போதும் போலப் பேசினாள். நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த வார இறுதியில் பாட்டியைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். தம்பியின் கதையைச் சொல்லி, புத்தகத்தில் இப்படிப் போட்டிருக்கிறார்கள் பாட்டி என்று பொரிந்து தள்ளினேன். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அந்தப் பேர மலாய்க்காரனா வச்சான்?"

எனக்குப் பதில் வரவில்லை.

"கப்பல் ஏறும்போதே மூட்டையில கட்டிக்கிட்டு வந்தது நாமதான். கடைசி லயம் யாருக்குன்னு தொரையா சொன்னான்? கிராணிக்கும் கங்காணிக்கும் தெரியும். சாமி தூக்குறது யாரு, தப்பு அடிக்கிறது யாரு, எல்லாம் இங்கயும் இருந்துச்சு. நானே தனிக் குவளையில காப்பித் தண்ணி குடுத்திருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து, வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, "உங்கப்பன் பொறக்குறப்போ ராத்திரி மழையில வந்து கைப்பக்குவம் பார்த்தவ, அந்தக் குவளையில குடிச்சவதான்" என்றார்.

அதற்கு மேல் அவர் பேசவில்லை. பாட்டி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவர் வாயால் இதைக் கேட்காமல் போயிருந்தால், 2011-இல் நாம் ஜெயித்தோம் என்று மட்டும்தான் நான் இன்றும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அந்தத் தோழியிடம் போன வருடம்தான் மன்னிப்புக் கேட்டேன். ஒரு திருமணத்தில் பார்த்தோம். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. "புத்தகத்துல இருந்த வார்த்த எனக்கும் வலிச்சுதுதான். ஆனா அத எழுதினவரு என்னப் பார்த்ததே இல்ல. நீ என் பக்கத்துல உக்காந்திருந்த. 'அது நாங்க இல்ல'ன்னு நீங்க எல்லாம் சொன்னீங்க. அப்போ அது நான் மட்டும்தானேன்னு தோணுச்சு" என்றாள்.

நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியது வேறு. அந்தச் சாதியில் பிறந்ததில் அவமானம் எதுவும் இல்லை, அந்தப் பெயரை வசையாக ஆக்கியதில்தான் அவமானம், அந்த வேலையை முதலில் செய்தவர்கள் நாங்கள் என்று அந்த மலாய் மாணவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் ஒருவேளை அவரும் தன் பக்கத்தில் எதையாவது எடுத்து வைத்திருப்பார். நான் செய்ததோ, எனக்கு விழுந்த அடியைப் பக்கத்தில் இருந்தவள் மேல் தள்ளிவிட்டது.

நாவலை எடுத்துவிட்டார்கள். அதோடு அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. பள்ளியில் யாரும் அதைத் தொடவில்லை, நாமும் தொடவில்லை. வார்த்தையை அழிக்க ரப்பர் போதும். ஆனால் சிற்றுண்டிச்சாலையில் "ஓய்" என்று கூப்பிட்ட பையனுக்கு அது ஏன் தவறு என்று கடைசிவரை யாரும் சொல்லித்தரவில்லை. என் தோழிக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

இன முத்திரைகளைப் பற்றிப் பேசும்போது நம்மிடம் இரண்டே வழிகள்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒன்று, சபையில் மௌனம். இன்னொன்று, வீட்டுக்குள் நக்கல். சபையில் "நாம் அனைவரும் மலேசியர்" என்போம். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், மலாய்க்காரன் சோம்பேறி, சீனன் காசுப் பேய், பங்களா நாறுவான். அவர்கள் காரில் நம்மைப் பற்றி என்ன ஓடுகிறது என்பதும் நமக்குத் தெரியும். குடிகாரன், குண்டர் கும்பல். பாம்பையும் இந்தியனையும் ஒன்றாகக் கண்டால் முதலில் யாரை அடிக்க வேண்டும் என்ற அந்தப் பழைய சொலவடையைக் கேட்காமல் இந்த நாட்டில் வளர்ந்த தமிழர் யார்? இரண்டு காரிலும் யாரும் கேட்காத கேள்வி பாட்டி கேட்டதுதான். அந்தப் பெயரை வைத்தது யார்? எதற்காக?

மலாய்க்காரர் சோம்பேறி என்பதையே எடுத்துக்கொள்வோம். சையத் ஹுசைன் அலாத்தாஸ் என்ற நம் நாட்டுச் சமூகவியலாளர் 1977-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 'சோம்பேறிச் சுதேசி என்ற கட்டுக்கதை' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். வெள்ளைக்காரனின் தோட்டத்துக்குக் கூலியாகப் போக மலாய்க்காரர்கள் மறுத்தார்கள். அவர்களுக்கு வயல் இருந்தது, ஆறு இருந்தது. தனக்கு உழைக்காதவனுக்குக் காலனி ஆட்சி சூட்டிய பெயர் 'சோம்பேறி' என்று அவர் விளக்கினார். அதே ஆட்சி, தோட்டத்துக்கு வந்து உழைத்த தமிழனுக்கு 'சொன்னபடி கேட்பவன், சாது' என்று பெயர் வைத்தது. பாராட்டு போலத் தெரியும். குறைந்த கூலிக்கு வளைந்து கொடுப்பவன் என்று அர்த்தம். ஆக மலாய்க்காரருக்கு வைத்த பட்டமும் நமக்கு வைத்த பட்டமும் ஒரே தோட்ட ஆபீசில் அச்சடித்தவை. அதில் ஒன்றை எடுத்து இன்றும் காருக்குள் நாம் வீசிக்கொண்டிருக்கிறோம்.

குடிகாரன் என்ற பட்டத்துக்கு வருவோம். குடியால் அழிந்த குடும்பங்கள் நம்மிடம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். என் சொந்தத்திலேயே இருக்கிறது. ஆனால் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை ஏன் இருந்தது? பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் யோசித்த நிர்வாகங்கள் கள்ளுக்கடைக்கு யோசிக்கவில்லை. வேலை முடிந்து வருகிறவனின் உடம்பு வலிக்கு அதுதான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் கேட்டது கூலி உயர்வு மட்டும் இல்லை. கள்ளுக்கடைகளை மூடு என்றும் கேட்டார்கள். வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். தலைமை தாங்கிய ஆர்.எச்.நாதனை நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தத்தைத் துப்பாக்கியால் அடக்கினார்கள். குடிகாரன், சாது என்று நமக்கு வைத்த இரண்டு பட்டங்களையும் ஒரே மூச்சில் மறுத்த மனிதர்கள் அவர்கள். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர்கள் கதை தெரியும்?

குண்டர் கும்பல் விஷயம் இன்னும் கடினம். ஏனென்றால் அங்கே எண் இருக்கிறது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர்கள் ஏறத்தாழ 40,000 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றது. மக்கள்தொகையில் நாம் நூற்றுக்கு ஏழு பேர்தான். நான் வானொலியில் சேர்ந்த புதிது. நிகழ்ச்சியில் இதைப் பேசலாமா என்று கேட்டேன். வேண்டாம், சமுதாயத்தைக் கேவலப்படுத்தின மாதிரி ஆகிவிடும் என்றார்கள். எங்கள் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் நாம் பேசவில்லை என்பதால் மற்றவர்கள் பேசாமல் இல்லை. அவர்கள் எண்ணை மட்டும் பேசினார்கள், 'அந்த இனமே அப்படித்தான்' என்று. காரணத்தைப் பேச வேண்டிய நாம் வாயை மூடிக்கொண்டோம்.

காரணம் நம் கண்முன்னே நடந்தது. நீலாயிலும் செண்டாயானிலும் இன்று வரிசை வரிசையாக வீடுகள் நிற்கும் இடங்களில் தோட்டங்கள் இருந்தன. 1980-க்குப் பிறகு இருபது வருடத்தில் நாடு முழுக்கத் தோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் 3 லட்சம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. கோயில் போனது, திடல் போனது, தப்பு செய்தால் காதைத் திருகும் பக்கத்து லயத்துப் பெரியவரும் போனார். பட்டணத்துப் புறம்போக்கிலும் அடுக்குமாடியிலும் வந்து விழுந்த பையனுக்கு 'வா' என்று கூப்பிட்டது ஒரு கும்பல்தான். இதைத்தான் ஷான்ஜி குமார் பெருமாள் 2015-இல் 'ஜகாட்' படமாக எடுத்தார். அழகுபடுத்தவும் இல்லை, அசிங்கப்படுத்தவும் இல்லை. நம் வீட்டுக் கதையை நம் மொழியில் வெளிச்சத்தில் வைத்தார். மறுவருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதும் அதற்குக் கிடைத்தது. அந்தப் படத்தைப் பார்த்த மலாய் நண்பர் ஒருவர் என்னிடம், "இதை ஏன் நீங்கள் எங்களிடம் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டார். அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டு அன்று கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். என் பள்ளித் தோழி ஒருத்தி நினைவுக்கு வந்தாள். மலாய்ப் பெண். தோட்டத்துக்கு விளையாட வர ஆசைப்படுவாள். அவள் அம்மா விடமாட்டார். அங்கே குடிகாரர்கள் இருப்பார்கள், பெண் பிள்ளை போகிற இடம் இல்லை என்பாராம். அந்த அம்மாவிடமும் யாராவது, "யாரேனும் வம்பு செய்தார்களா?" என்று கேட்டிருந்தால், "இதுவரைக்கும் இல்லை" என்றுதான் சொல்லியிருப்பார். முப்பது வருடத்தில் லயம் அதேதான், வாசல் அதேதான், உள்ளே இருப்பவர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

அத்தையின் பயத்தைப் பொய் என்றும் நான் சொல்லவில்லை. இளவட்ட ஆண்கள் மட்டும் கூட்டமாக இருக்கும் இடத்தில் எந்தப் பெண்ணும் கொஞ்சம் தயங்குவாள். ஆனால் ஏன் ஆண்கள் மட்டும்? அவர்களுக்குக் கொடுக்கப்படும் வேலை அனுமதியில் மனைவி பிள்ளைகளைக் கூட்டி வர இடம் இல்லை. கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் பலர். நம் தாத்தா குடும்பத்தோடு வந்தார், அல்லது இங்கே வந்து குடும்பமானார். இவர்களுக்கு அதுவும் இல்லை. இதை அத்தையிடம் சொன்னேன். "அப்படியா? பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டா வந்திருக்கானுங்க?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த வாரமே அந்தக் குரலை நிறுத்திவிட்டேன். சும்மா நிறுத்தவில்லை. ஏன் நிறுத்துகிறேன் என்று, முருங்கைக் கீரைக் கதையோடு, நிகழ்ச்சியிலேயே சொன்னேன். அழைப்புகள் குவிந்தன. "இப்பல்லாம் தமாஷ்கூடப் பண்ண விடமாட்டேங்கிறாங்க தங்கச்சி" என்றார் ஒருவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவரை ஒருவர் கிண்டல் செய்யாத பலஇன நாட்டை யாரும் விரும்ப மாட்டார்கள். நான் அவரிடம் கேட்டேன்: "அண்ணே, இந்த ஜோக்க அந்தத் தம்பி பக்கத்துல உக்காந்து, அவரும் நம்மள அதே மாதிரி ஒரு ஜோக் அடிச்சா, நாம சிரிப்போமா?" அவர் யோசித்து, "அவன் என்ன சொல்றான்னு பார்த்துத்தான்" என்றார். ஸ்டூடியோவில் எல்லோரும் சிரித்தோம். நேர்மையான பதில்.

பகாவிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி. அவர் சொன்னது: "எங்கள வெள்ளக்காரன் கூலின்னான். அப்புறம் மத்தவங்க சொன்னாங்க. நாங்க யாரையாச்சும் அப்படிச் சொல்ல இவ்வளவு நாளா காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருக்கும்மா."

திருவிழா அன்று இரவு நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். அன்னதானம் முடிந்து அண்டாவில் சாம்பார் சாதம் மிச்சம் இருந்தது. அத்தை ஒரு பெரிய தூக்கில் அதை அள்ளினார். அப்பளத்தை ஒரு பையில் கட்டினார். எங்கே என்று கேட்டேன்.

"அந்தப் பசங்களுக்குத்தான். சூடு ஆறிடும், நீயும் வா. தனியா போக எனக்குப் பயமா இருக்கு."

போனோம். மூடியைத் திறந்து பார்த்த அந்தத் தம்பி, அத்தையின் வீட்டுக்காரர் எந்த லயத்தில் இருந்தார் என்று கேட்டார். அத்தை கையைக் காட்டி, "இதேதாம்ப்பா. நீ நிக்கிற எடம்தான்" என்றார்.